உறவா, மரியாதையா?

“இது எந்த மாமா?”

“சும்மா மாமா சார்.”

“சும்மான்னா? குரல்ல ஒரு கொழைவு கீதே.”

“கொழையாம? ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கூடக் கேக்கறா. நெஜ மாமாகிட்ட யாராவது இவ்ளோ கொழைவாங்களா? நெஜ மாமாவா இருந்தா சண்டையிலதான் ஆரம்பிச்சிருப்பா.”

ஜெபமணி சிரித்தபடி காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் போட்டார். புனிதவதி நீல முத்திரையை எடுத்து அந்தத் தாளில் வைத்தாள். ‘மரியாதை’ என்று விழுந்தது. மண்ணெண்ணெய்க் கடைக்காரர் என்றைக்காவது ஓடிப்போனால், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது.

அந்த அறையில் இரண்டே முத்திரைகள். நீலம் மரியாதைக்கு, சிவப்பு உறவுக்கு. மூன்றாவது கிடையாது.

1942 சித்திரையில் கப்பல் வருகிறது, குண்டு விழப்போகிறது என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறியது அல்லவா? அந்தக் கப்பல்கள் நமக்கு வரவில்லை. புனிதவதியின் உலகத்தில் வந்தன. வந்து பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டிருந்தன. ஜப்பான்காரர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஊருக்கே அவர்கள் ‘கப்பக்காரங்க’தான்.

கப்பல்காரர்கள் தெருவுக்கு ஒரு டெலிபோன் கூண்டு வைத்தார்கள். யாரும் யாரோடும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், இலவசம். ஊர் வாயைப் பிளந்தது. அப்படிப் பேசியதையெல்லாம் கடற்கரைச் சாலைக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்த ஓர் இயந்திரம் கேட்டது. என்ன பேசினார்கள் என்பதில் அதற்கு அக்கறையில்லை. யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் போதும். அத்தை என்றால் ஒரு கோடு, மச்சான் என்றால் ஒரு கோடு. கல்யாணத் தரகரைப்போல யாருக்கு யார் என்ன முறை என்று விசாரித்துக்கொண்டே இருந்ததால் ஆபீசில் அதற்குப் பெயர் ‘தரகர்’.

எதற்கு இத்தனை விசாரிப்பு? ஒருவன் தப்பி ஓடினால், அவனிலிருந்து மூன்று கோடு தூரம்வரை உள்ள சொந்தக்காரர்கள் எல்லோரையும் தீவுச் சுரங்கத்துக்குக் கப்பல் ஏற்றலாம் என்பது சட்டம். அவன் திரும்பி வரும்வரை.

பதினோரு வருடம் முன்பு, தரகர் வந்த முதல் வாரத்தில், புனிதவதியின் கணவர் ஏகாம்பரம் அப்படித்தான் போனார். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். செய்த குற்றம், மாவு மில்காரரை மாமா என்று கூப்பிட்டது. மில்காரர் ஓடிவிட்டார்.

புனிதவதி அழுதுகொண்டு உட்காரவில்லை. இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினாள். ‘ஐயா, எங்கள் ஊரில் கடைக்காரர் மாமா, கண்டக்டர் அண்ணன், பூக்காரி அக்கா, வழி கேட்கிறவர் தம்பி. இவர்களில் ஒருவருக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் புடவை வேட்டி எடுத்துக் கொடுக்க மாட்டோம். நெஜ மாமா எது, சும்மா மாமா எது என்பதைக் குரலைக் கேட்டாலே எங்களில் யாரும் சொல்லிவிடுவோம்’ என்று முடித்திருந்தாள்.

எட்டு மாதத்தில் ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தார். புனிதவதிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கேட்டுச் சொல்லும் நாற்காலி.

வந்த ஏகாம்பரம் இன்றுவரை யாரையும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தாங்க’, ‘கொஞ்சம் பாருங்க’, அவ்வளவுதான். புனிதவதிக்கு அது உறைப்பதும் நின்றுபோயிருந்தது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் ஏதோ இருப்பது தெரியும், அவ்வளவே. ஆனால் தினமும் நூறு நீலம் வைத்தாள். ஒவ்வொரு நீலத்துக்கும் ஒரு வீடு தப்பித்தது. நான் இல்லாவிட்டால் இந்த நாற்காலியில் காது கேட்காத ஒருவன் உட்கார்ந்திருப்பான் என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொள்வாள். முதல் வருடங்களில் சத்தமாக. அப்புறம் அதற்கும் தேவைப்படவில்லை.

“அடுத்தது அவசரக் கட்டு,” என்றார் ஜெபமணி. “நேத்து ஓடின ஆளு. அஞ்சு மணிக்கு பட்டியல் மூடணுமாம். காலைல கப்பல்.”

சத்தியநேசன் என்று மேலே எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். சுரங்கத்துக்குத் தேர்வான ஆட்களின் நெஞ்சைப் படம் எடுத்து, ஆள் சரியாக இருக்கிறான் என்று எழுதித் தருவது அவர் வேலை. இரண்டு வருடமாக அவர் முக்கால்வாசிப் பேருக்கு ‘நெஞ்சில் நிழல்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஒரே படத்தை இருநூறு பேருக்கு வைத்தது நேற்றுத்தான் தெரிந்ததாம்.

“கில்லாடி,” என்றார் ஜெபமணி, கதவைப் பார்த்துக்கொண்டே.

சத்தியநேசனின் கட்டுக்குள் பதினோரு தாள்கள் இருந்தன. நேரடியாக அவரை முறை சொல்லிக் கூப்பிட்டவர்கள். முதல் தாளை எடுத்த புனிதவதி பெயரைப் படித்தாள். ‘தமயந்தி. வயது 29. நர்ஸ்.’ அவளுடைய தங்கை.

பேச்சு பதிவான நாடாவை ஓடவிட்டாள்.

“அண்ணே, நான்தான். ஊருக்குப் போறீங்களாமே?”

“ஆமாம்மா.”

“எப்ப வருவீங்கண்ணே?”

“தெரியலம்மா.”

பிறகு, “பத்திரமா இருங்கண்ணே.” அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

தன் சொந்தக்காரர் தாளைத் தானே தொடக்கூடாது என்பது விதி. புனிதவதி தாளை ஜெபமணி பக்கம் தள்ளினாள். அவர் இரண்டு முறை கேட்டார்.

“இது இன்னா அண்ணே?”

“மரியாதை சார். கூட வேல பாக்கறவரு. வேற ஒண்ணும் இல்ல.”

“மரியாதைக்கு யாரும் அழ மாட்டாங்க புனிதா.”

“அவ எதுக்கும் அழுவா சார். வெங்காயம் வெல ஏறினாலும் அழுவா.”

ஜெபமணி சிரிக்கவில்லை. “தரகர் அழுகைக்குத் தனியா மார்க்கு போட்டு வச்சிருக்கு பாரு. நான் நீலம் வச்சா, ஏன் வச்சேன்னு மேல கேப்பாங்க. எனக்கும் பொண்ணு கீது. நீ மொரிஷிதா ஐயாகிட்ட எடுத்துனு போ. உன் மேல அவருக்கு ஒரு இது உண்டு.”

“நீங்களே சொல்லுங்க, நெஜ அண்ணனா அது?”

“நெஜமும் இல்ல, சும்மாவும் இல்ல. அதுக்கு நம்மகிட்ட முத்திர இல்லயே.”

ஆபீசின் கப்பல்கார மேலதிகாரி மொரிஷிதா தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அதனால் மேடையில் பேசுவதைப் போலத்தான் பேசுவார். அவர் அறையில் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. அடுத்த வாரம் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார்.

“அமருங்கள், புனிதவதி அவர்களே. தங்கள் தங்கை அல்லவா?”

“ஆமாங்கய்யா. அது சும்மா அண்ணேங்கய்யா. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எங்க ஊர்ல கூட வேல பாக்கறவங்கள, வழியில போறவங்களக்கூட...”

“எங்கள் ஊரிலும் அப்படித்தான்.”

“எப்படிங்கய்யா?”

“மீன் விற்பவரை மாமா என்போம். காய்கறிக் கடைப் பெண்மணியை அக்கா என்போம். தெரியாத இளைஞனை அண்ணன் என்போம். என் தாய் தபால்காரரை மாமா என்றுதான் கடைசிவரை அழைத்தார்.”

புனிதவதி அவரையே பார்த்தாள். “அப்ப, உங்களுக்கு முன்னயே தெரியுமா?”

“முதல் நாளிலிருந்தே தெரியும். இயந்திரத்தைச் செய்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் யாரோடும் பேசாதவர்கள்.”

“தெரிஞ்சுமா எங்க வீட்டுக்காரர...”

“அது முதல் வாரம். பட்டியல் சிறியது. எழுபது பேர். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் பிழை.” மொரிஷிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இரண்டாவது மாதம் ஒருவன் ஓடினான். அவனுடைய பட்டியலில் எத்தனை பேர் தெரியுமா? நாற்பதாயிரம். அவன் பேருந்து நடத்துனர். ஊரே அவனை அண்ணன் என்றது. அந்த ஊரை இன்னொரு ஊர் அக்கா என்றது. மெட்ராஸ் முழுவதும் ஒரே குடும்பமாக வந்துவிட்டது. நாற்பதாயிரம் பேரை எந்தக் கப்பலில் ஏற்றுவது? ஒரு பட்டியலுக்கு ஐந்நூறு பேர்வரைதான் கப்பலில் இடம். அதைத் தாண்டினால் இயந்திரக் கோளாறு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்த விதி இன்றும் இருக்கிறது. எல்லாப் பட்டியலும் திரும்பி வந்தது. ஆறு மாதம் ஒருவரும் கப்பல் ஏறவில்லை. இது பயன்படாத இயந்திரம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கடிதம் எழுதி உறையில் போட்டுவிட்டேன்.”

“அப்புறம்?”

“தங்கள் மனு வந்தது.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. புனிதவதிக்கு அந்தச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“மிக அழகான மனு. கல்யாணப் புடவை வேட்டி பற்றி எழுதியிருந்தீர்கள். கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் தங்கள் கணவர் சுரங்கத்தில் இருந்தார். மேலே அனுப்பினால்தான் அவர் வருவார். அனுப்பினேன். அவர் வந்தார். மேலிடத்தில் மிகவும் மகிழ்ந்தார்கள். குரலைக் கேட்டுப் பிரித்துச் சொல்ல உள்ளூர்க்காரர்களையே உட்கார வைக்கலாமே என்றார்கள். பிறகு ஒரு பட்டியலும் திரும்பி வந்ததில்லை. பத்துப் பேர், பதினைந்து பேர், கச்சிதமாக.”

“நான் ஜனங்களக் காப்பாத்தறேன்னுதான்...”

“காப்பாற்றினீர்கள். நானும் ஒருவரைக் காப்பாற்றினேன்.” அவர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “இந்த ஒன்றில் தாங்களே நீலம் வையுங்கள். நான் பார்க்கவில்லை.”

“இத ஏன்யா இப்ப எங்கிட்ட சொன்னீங்க?”

“இதையும் கப்பலில் எடுத்துச் செல்ல மனம் வரவில்லை,” என்றார் மொரிஷிதா. அப்படிச் சொன்னதற்கு அவரே வெட்கப்பட்டவர் போலப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

நாற்காலிக்குத் திரும்பியபோது மணி மூன்று ஆகப் பத்து நிமிடம். ஜெபமணி டீ குடிக்கப் போயிருந்தார். புனிதவதி தமயந்தியின் தாளில் நீலத்தை வைத்தாள். அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. யோசித்தாள் என்று நான் எழுதினால் பொய். தங்கை வெளியே வந்துவிட்டாள். புனிதவதிக்கு நிம்மதிகூட வரவில்லை.

அடுத்த தாள், கன்னியம்மா, வார்டு துப்புரவு. நாடா ஓடியது.

“அண்ணே, சாப்ட்டியாண்ணே? போறப்ப சொல்லிக்காமப் போயிடாதண்ணே.” இவளும் மூக்கை உறிஞ்சினாள்.

இது என்ன அண்ணே? தமயந்தியுடைய அதே அண்ணேதான். ஆனால் பதினோரு தாளையும் நீலமாக்க முடியாது. ஓடிப்போனவனுக்கு ஒரு சொந்தமும் இல்லை என்று வெறும் பட்டியல் போனால், சரிபார்க்க வேறு ஆள் வருவான்; முதலில் திறக்கும் தாள் தமயந்தியுடையதாக இருக்கும். நாலைந்து சிவப்பாவது வேண்டும். எத்தனையோ பட்டியலில் அவள் அப்படித்தான் நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதற்குத் தேர்ந்தெடுப்பது என்று பெயர் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்நூறு என்று மொரிஷிதா சொன்ன எண் தலைக்குள் நின்றது.

சிவப்பு விழுந்தால் தரகர் அந்த ஆளைக் கூப்பிட்டவர்கள், அந்த ஆள் கூப்பிட்டவர்கள் எல்லோருடைய தாளையும் சுவர்த் துளை வழியாகத் தள்ளும். அவற்றிலும் சிவப்பு வைத்தால் அடுத்த வட்டம். மூன்று கோடுவரை. துளைக்கு மேலே ஒரு சின்ன எண்பலகை இருந்தது. பட்டியலில் எத்தனை பேர் என்று அது காட்டும். ஐந்து மணிக்குள் அது ஐந்நூறைத் தாண்டினால் ஒருவரும் கப்பல் ஏற மாட்டார்கள். தரகருக்கு மறுபடி பைத்தியம் பிடிக்கும். ஆனால் தாள்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும், ஒவ்வொன்றாகத்தான் முத்திரை வைக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பலகை நானூற்றுத் தொண்ணூறில் நின்றால், நானூற்றுத் தொண்ணூறு பேரும் காலையில் துறைமுகத்தில் நிற்பார்கள். அவளை நம்பி, அவளைத் தெரியாமல்.

தங்கையை நீலத்தில் வெளியே விட்டுவிட்டு ஊரார் தலையை வைத்து விளையாடலாமா?

மீதித் தாள்களைப் புரட்டினாள். பதினோராவது நாடாவை ஓடவிட்டபோது ஒரு பெண் குரல், அவசரமாக:

“அண்ணே, எக்ஸ்ரே ரூமுங்களா? நர்ஸு தமயந்திய கொஞ்சம் கூப்புடுங்கண்ணே. நான் அவ அக்கா பேசறேன்.”

தாளைப் பார்த்தாள். ‘புனிதவதி. வயது 38. பணி: கேட்டுச் சொல்பவர்.’ போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டது. அந்த மனிதரின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. சும்மா அண்ணன். இதைவிடச் சும்மாவான ஓர் அண்ணன் இந்த ஊரிலேயே இருக்க முடியாது.

சொந்தத் தாளைத் தொடக்கூடாது என்பது விதி. சிவப்பை எடுத்து மையில் அழுத்தி அதில் வைத்தாள்.

பலகையில் 1 என்று விழுந்தது. துளை கடகடத்தது. அவளை அக்கா என்றவர்கள், அவள் அத்தை என்றவர்கள். முதலில் வந்ததே தமயந்தியின் தாள். ஆஸ்பத்திரி நர்ஸாக இல்லை, கூடப் பிறந்தவளாக. நீலத்தில் வெளியே போனவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். புனிதவதி அதற்கும் சிவப்பு வைத்தாள். அடுத்தது ஏகாம்பரம்; அவர் யாரையும் கூப்பிடாவிட்டாலும் அவள் அவரை முறை சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அதற்கும்.

பிறகு எதையும் கேட்கவில்லை. காதுக்கருவி மேசையில் கிடந்து தனக்குத்தானே முணுமுணுத்தது. கன்னியம்மா, மருந்துக் கடை, ரொட்டிக் கடை, பள்ளிக்கூட டீச்சர், புனிதவதியை அக்கா என்ற பால்காரர். 40. 90. 150. பயமும் வரவில்லை, வீரமும் வரவில்லை. மணிக்கட்டு வலித்தது, அது மட்டும் தெரிந்தது.

நாலு இருபதுக்கு ஜெபமணி உள்ளே வந்தார். டீக்கடையில் யாரோடோ சீட்டுக் கச்சேரியே நடத்திவிட்டு வந்திருக்க வேண்டும். மேசையைப் பார்த்தார். தரையில் சிதறிக் கிடந்த தாள்களைப் பார்த்தார். கடைசியாகப் பலகையைப் பார்த்தார். 267.

“இன்னாம்மா பண்ணிகினு கீறே? எல்லாம் செவப்பு!”

புனிதவதி முத்திரையை நிறுத்தாமலே சொன்னாள். மொரிஷிதா சொன்னதை, கடிதத்தை, மனுவை, ஐந்நூறை. நாலே வாக்கியம்.

ஜெபமணி சுவரில் சாய்ந்துகொண்டார். “நாமதான் அத ஓட வச்சமா? பதினோரு வருசமா?”

“ஆமா சார்.”

“தாண்டலன்னா?”

“எல்லாரும் போவோம்.”

“நீ ஒண்டியா அஞ்சு மணிக்குள்ள தாண்ட மாட்டே. கணக்கு தெரியாதா உனக்கு?”

“தெரியும் சார்.”

துளை இன்னொரு தாளைத் தள்ளியது. ஜெபமணி குனிந்து எடுத்தார். படித்தார். மறுபடி படித்தார்.

“யாரு சார்?”

“எம்பொண்ணு. எஸ்தரு.” அவர் தாளைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டார். “பால்காரன மாமான்னு கூப்ட்டுருக்கா. அந்த ஆளு நெஜமாவே சும்மா மாமா புனிதா. எனக்குத் தெரியும். வீட்டு வாசல்ல தெனம் பாக்கறேன்.”

“தெரியும் சார்.”

“நான் இதுல நீலம் வச்சா அவ தப்பிச்சிருவா.”

“ஆமா.”

“போன் எடுத்து மேல சொன்னா, பழைய பதினோரு பேரோட முடிஞ்சிரும்.”

“ஆமா சார்.”

“நீ எதுனா சொல்லேன். இன்னாத்துக்கு சும்மா ஆமா ஆமான்ற?”

புனிதவதி அடுத்த தாளில் சிவப்பை வைத்தாள். 284.

ஜெபமணி தன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் இழுப்பறையைத் திறந்து தன்னுடைய இரண்டு முத்திரைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார், பக்கத்தில் டெலிபோன். எஸ்தரின் தாளை நடுவில் விரித்து, அதன் ஓரம் சுருண்டிருந்ததைக் கட்டை விரலால் நீவி விட்டார். மணி நாலு இருபத்தைந்து. இரண்டு பேர் சேர்ந்து வைத்தால் ஐந்நூறைத் தொடலாம். தொடாமலும் போகலாம்.

அவர் கையை நீட்டினார். நீங்கள் சொல்லுங்கள், எதை எடுத்திருப்பார்? அதைவிட முக்கியமாக, அந்தத் தாளில் உங்கள் வீட்டுப் பெயர் இருந்திருந்தால், அவர் எதை எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள்?